கேட்டுப் பாடிய பாரதியார்

மகாகவி சுப்பிரமணிய பாரதியாரைப் பாடிய கவிஞராகவே நாம் போற்றுகின்றோம். அவர் செவியாரக் கேட்டவர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

1882-ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலே பிறந்தவர். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியிலே அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர். ஏற்றம் இறைப்போரும், நெல் குற்றும் மகளிரும், சுண்ணம் இடிப்போரும் பாடும் பாட்டுகளின் இனிமையைக் ‘குயில் பாட்டி’லே குயிலின் வாயிலாகப் புகழ்ந்தார். குழலையும் வீணையையும் அவற்றோடு ஒருங்கே வைத்துப் பேசினார். உழைப்பவர் பாட்டு அவருக்குத் தாழ்ந்ததன்று.

கேட்டதோடு அமையாமல் சிந்து, கும்மி, கிளிக்கண்ணி மெட்டுகளிலே நாட்டு விடுதலையைப் பாடினார். பிரெஞ்சு தேசிய கீதத்தையும் தமிழாக்கினார். பொருளுணராது சில கீர்த்தனங்களையே திரும்பத் திரும்பப் பாடும் வித்துவான்களைக் கட்டுரையிலே கடிந்துரைத்தார். 1921-ஆம் ஆண்டில், 38 வயதிலேயே, சென்னையில் மறைந்தார்.

வட ஆர்க்காட்டு வயல்களை விட்டுத் தங்கவயலுக்கு வந்த நம் முன்னோரோடு ஏற்றப்பாட்டும் தாலாட்டும் உடன் வந்தன. 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்பை நாடி நம் இளைஞர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். முதியோரும் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். சுரங்கத்தோடு அப்பாட்டுகளையும் மூடிவிடலாமா? இல்லந்தோறும் பாட்டிமாரைப் பாடச் சொல்லிப் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்போமாக. பாரதியாருக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே.