தவளைக் காலில் தெரிந்த உண்மை

நெஞ்சுத் தோலின் கீழ் 'பேஸ்மேக்கர்' பொருத்திய பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருக்கக்கூடும். அந்தச் சிறு கருவி மின்சாரம் கொடுத்ததும் இருதயம் ஏன் துடிக்கிறது? இதற்கு விடை தேடினால், இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் 1737 இல் பிறந்த லூயிஜி கல்வானி என்ற வைத்தியரிடம் போய்ச் சேருவோம்.

இளமையில் அவர் துறவியாக விரும்பினார்; வீட்டார் விடவில்லை. வைத்தியம் கற்று, தம் ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே உடற்கூற்றியல் ஆசிரியரானார். தம் குருவின் மகள் லூசியாவை மணந்தார். பிள்ளைகள் இல்லை. ஆய்வுகளில் லூசியாவே பெருந்துணை.

ஒருநாள், அறுத்து வைத்திருந்த தவளையின் கால் நரம்பை உதவியாளர் கத்தியால் தொட்டார். அதே கணத்தில் பக்கத்திலிருந்த மின் இயந்திரத்தில் பொறி பறந்தது. செத்த கால் உதைத்தது! வேறொருவர் வியந்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். கல்வானியோ வருடக்கணக்காக அதையே ஆராய்ந்தார். உயிருள்ள உடலுக்குள்ளேயே மின்சாரம் உண்டு என்று 1791 இல் நூல் எழுதினார். அதைப் பார்க்க லூசியா உயிருடன் இல்லை.

பாவியா நகரப் பேராசிரியர் வோல்ற்றா இதை மறுத்தார். மின்சாரம் தவளையில் இல்லை, அதைத் தொட்ட இருவகை உலோகங்களில்தான் உள்ளது என்றார். உலோகமே இல்லாமலும் கால் உதைக்கும் என்று கல்வானி காட்டினார். ஆனாலும் 1800 இல் வோல்ற்றா முதல் பற்றறியைச் செய்ததும் உலகம் அவர் பக்கம் சாய்ந்தது. உண்மையில் இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேஸ்மேக்கரைப் பாருங்கள்: உள்ளிருக்கும் பற்றறி வோல்ற்றாவின் வழி வந்தது; அதற்கு அசையும் தசை கல்வானி கண்டது!

1958 இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் முதன்முதலாக ஒரு மனிதரின் உடலுக்குள் இக்கருவி வைக்கப்பட்டது. அது சில மணி நேரமே வேலை செய்தது. ஆனால் கருவிகளை மாற்றி மாற்றி அவர் 2001 வரை வாழ்ந்தார். அன்று நோக்கம், மெதுவாகிவிட்ட துடிப்பை விரைவாக்குவதே. இருதயம் பலவீனமாகி, மூச்சு வாங்கி, கால் வீங்கும் நோயாளிகளுக்கும் இது உதவுமென 1990களில் கண்டார்கள். இவர்களிற் சிலருக்கு மின்னோட்டம் இருதயத்தின் இடப்பக்கத்துக்குப் பிந்தியே போகிறது. ஒரு வள்ளத்தில் இருவர் தாளம் தப்பித் தண்டு வலித்தால் எப்படியோ, அப்படித்தான். இடப்பக்கத்துக்கும் ஒரு கம்பி வைத்து இரு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்கச் செய்கிறார்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது, ஈ.சீ.ஜீ. முதலியவற்றைப் பார்த்தே வைத்தியர் தீர்மானிப்பார்.

கல்வானியின் கடைசிக் காலத்துக்கு வருவோம். 1796 இல் பிரெஞ்சுப் படைகள் பொலோஞ்ஞாவைப் பிடித்தன. புதிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாத ஆசிரியர்களுக்கு வேலை இல்லை என்றார்கள். பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையைச் சேர்ந்த கல்வானி, அந்தப் பிரமாணம் தம் விசுவாசத்துக்கு ஒவ்வாதது என்று கண்டு மறுத்துவிட்டார். பலர் வாயளவில் சொல்லிவிட்டுச் சம்பளத்தை வாங்கியிருப்பார்கள். அவர் 1798 இல் பதவியையும் வருமானத்தையும் இழந்து, சகோதரன் வீட்டில் போய் ஒதுங்கினார். பிரமாணம் இல்லாமலே அவரைத் திரும்ப எடுக்க ஆட்சியாளர் பின்னர் இணங்கினார்கள். ஆனால் வகுப்பறைக்குத் திரும்ப அவருக்கு நாள் இருக்கவில்லை. அதே வருடம் டிசெம்பர் 4 இல் காலமானார்.