லதாவை வரைந்தவர்

நூலை எழுதியவரைப் போற்றுகிறோம். பதிப்பித்தவரையும் ஒருவாறு அறிவோம். எழுத்துக்கு வடிவம் தந்தவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? தோழர்களே, கணிப்பொறியில் நாம் முதன்முதல் தட்டிய தமிழ் எந்த வடிவில் தோன்றிற்று? பலருக்கு ‘லதா’ என்னும் எழுத்துரு நினைவுக்கு வரும். அதை உருவாக்கியவர் தமிழர் அல்லர். ரகுநாத் கிருஷ்ண ஜோஷி என்னும் மராத்தியர்.

1936-இல் பிறந்த ஜோஷி பம்பாய் ஜே. ஜே. கலைக்கூடத்தில் பயின்றார். பின்னர் உல்கா என்னும் விளம்பர நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கலை இயக்குநராக இருந்தார். மராத்தியில் கவிதையும் எழுதினார். எழுத்தே ஓவியமாகும் கவிதைகள் அவை. விளம்பரத் தொழிலில் பொருளும் உண்டு, புகழும் உண்டு. நாற்பது வயதைக் கடந்தபின் அதை விட்டு வகுப்பறைக்கு வருவோர் சிலரே. 1983-இல் அவர் பவாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் ஆசிரியரானார். 1996 வரை கற்பித்தார்.

ஓய்வுக்குப் பின்தான் நமக்குரிய வேலை நடந்தது. தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் அவர் தலைமையில் ஒரு குழு மைக்ரோசாப்டுக்காக இந்திய மொழி எழுத்துருக்களை வரைந்தது. விண்டோஸ் 2000-இல் இந்திக்கு மங்கல், தமிழுக்கு லதா. அடுத்து வந்த எக்ஸ்பியில் கன்னடத்துக்குத் துங்கா.

இது எளிய வேலையா? நாகரி எழுத்து தலைக்கோட்டில் தொங்குவது. தமிழுக்குத் தலைக்கோடு இல்லை, ஒவ்வொரு எழுத்தும் தன் காலில் நிற்க வேண்டும். ‘கொ’ என்பதைப் பாருங்கள். கணிப்பொறியின் நினைவில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். திரையிலோ குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. இடம் மாற்றுவது மென்பொருளின் பொறுப்பு. துண்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் ஓரெழுத்தாய்த் தோன்ற வரைவது கலைஞரின் பொறுப்பு. கு, டு, து, மு என உகரமோ எழுத்துக்கு எழுத்து வேறு உருவம் கொள்கிறது.

அறிவியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். அன்றைய திரைகளில் புள்ளிகள் குறைவு. மூன்று சுழி ணகரத்தில் ஒரு சுழி அடைபட்டால் அது இரண்டு சுழி னகரமாகிவிடும், மணம் மனமாகும். லதாவின் உடல் அகலம், அழகு போதாது என்று குறை கூறும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த அகலம் சுழிகளுக்கு மூச்சுவிட இடம் தருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவரோடு நான் உடன்படாத இடமும் ஒன்று உண்டு. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக ‘தேசநாகரி’ என்று ஓர் எழுத்தை அவர் வகுத்தார். தமிழை வேறோர் எழுத்தில் எழுத நான் இசையேன், நீங்களும் இசையமாட்டீர்கள். ஆயினும் அதே மனிதர்தான் தமிழைத் தமிழாகவும் கன்னடத்தைக் கன்னடமாகவும் திரையில் நிறுத்த உழைத்தார். மொழிப்பற்றைப் பேசிப் பேசிக் களைத்த நாம் அந்த வேலையைச் செய்தோமா?

நான் குடியிருக்கும் அடுகோடியில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ். மொழிச் சண்டை மூளும் நாட்களில் இரண்டும் எதிரெதிர் நிற்பதாகப் பேசுவார்கள். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையின் பழைய கணிப்பொறியிலோ லதாவும், கன்னட நாட்டு ஆற்றின் பெயர் தாங்கிய துங்காவும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தம் ஒன்றில், கண்ணீர் அஞ்சலி மற்றொன்றில்.

2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜோஷி காலமானார். 2012-இல் வந்த விண்டோஸ் 8 நிர்மலா என்னும் புதிய எழுத்துருவைக் கொண்டுவந்தது. திரையில் லதாவின் இடத்தை அது பெற்றது. நம் மன்றத்தின் பழைய சுற்றறிக்கைகளைத் திறந்து பாருங்கள். அவற்றில் இன்னும் லதாவே இருக்கிறது.