அண்ணலை உருவாக்கிய தந்தையார்

அண்ணல் அம்பேத்கரின் கல்விப் பெருமையை உலகம் அறியும். அதற்கு வித்திட்ட தந்தையார் இராம்ஜி சக்பாலின் வாழ்வையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

மராட்டிய மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்து அம்பவடே அவருடைய பூர்வீக ஊர். மகர் சமூகத்தில் பிறந்த அவர், ஆங்கிலேயர் படையில் சேர்ந்து, படைப்பள்ளித் தலைமையாசிரியராய்ப் பணியாற்றி, சுபேதாராக உயர்ந்தார். 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைமுகாமில் அவரது பதினான்காம் மகவாக அண்ணல் பிறந்தார்.

1892இல் மகர் மக்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. இராம்ஜி வாளாவிருக்கவில்லை, நீதிபதி ரானடேயின் துணையை நாடி, அரசுக்கு முறையீடு செய்தார். அவர் வாழ்நாளில் அக்கதவு திறக்கவில்லை. எனினும் உரிமை கேட்கும் வழியை மகன் இல்லத்திலேயே கற்றார்.

துணைவியார் பீமாபாய் மறைந்தபின், குடும்பம் பம்பாய்ப் பரேலில் ஒற்றை அறையில் வாழ்ந்தது. ஓய்வூதியம் சிறிது; மகனின் நூல் வேட்கையோ பெரிது. கையில் பணமில்லாத வேளைகளில் மணமான புதல்வியரிடம் கடன் பெற்றார். அவர்தம் நகையை அடகு வைத்தும் நூல் வாங்கித் தந்தார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டளித்தார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கச் செய்தார்.

1907இல் மகன் மெட்ரிகுலேஷன் தேறியதையும், 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றதையும் கண்டார். 1913 பிப்ரவரி 2இல் மறைந்தார். அதே ஆண்டில் அண்ணல் அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அதைக் காணத் தந்தையார் இல்லை.

வறுமையைக் காரணங்காட்டிப் பிள்ளையின் படிப்பை நிறுத்த எண்ணும் பெற்றோர் இராம்ஜியை நினைவிற் கொள்க. நமக்காக விழித்திருந்தோரை, கற்கும் நாமும் மறவாதிருப்போமாக!