மோர்பீன் கண்ட சேர்ட்டூர்ணர்

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வெண்பால் வடியும். அஃது உலர்ந்தால் அபின் ஆகும். அபினுள் மறைந்து கிடந்த மோர்பீன் என்னும் மருந்தைப் பிரித்து உலகுக்கு அளித்தவர், பல்கலைக்கழகம் புகாத ஓர் இளைஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பிரெட்றிக் சேர்ட்டூர்ணர் 1783ஆம் ஆண்டு ஜேர்மனியிலே நொய்ஹவுஸ் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்த அவர், பாடர்போர்ண் நகரத்து மருந்துச்சாலையொன்றில் தொழில் பயிலப் புகுந்தார். அந்நாளில் வைத்தியர் நோவு தணிக்க அபினையே கொடுத்தனர். ஆயின் அபினின் வீரியம் கட்டிக்குக் கட்டி வேறுபடும். ஒரே நிறையுள்ள மருந்து ஒருவர்க்குப் பயனற்றுப்போம். மற்றொருவரை மீளாத் துயிலில் ஆழ்த்தும்.

சேர்ட்டூர்ணர் அபின் சாற்றில் அமோனியாவைச் சேர்த்து, படிந்த பொருளைத் தூய்மை செய்தார். அதனை உண்ட நாய்கள் உறங்கின. தாவரங்களின் மருந்துச்சத்து அமிலமாகவே இருக்குமென அறிஞர் எண்ணிய காலத்தில், இதுவோ காரத்தன்மை உடையதாயிருந்தது. 1806ஆம் ஆண்டளவில் வெளிவந்த அவர் கட்டுரைகளைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே.

அவர் தளர்ந்தாரல்லர். ஐன்பெக் நகரில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஒருநாள் தாமும் இளைஞர் மூவரும் ஏறத்தாழ 30 மில்லிகிராம் மருந்தை, முக்கால் மணி நேரத்துள் மும்முறை உட்கொண்டனர். மயக்கம் மேலிட்டது. வினாகிரியைப் பருகி வாந்தியெடுத்தே உயிர் தப்பினர். பிறர் உயிரையும் பணயம் வைத்த அச்செயலை நாம் போற்றுவதற்கில்லை. எனினும் மருந்தின் வலிமையும் அபாயமும் அதனாற் புலப்பட்டன.

1817இல் வெளிவந்த அவர் கட்டுரையின் சிறப்பைப் பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் உணர்ந்து பரப்பினார். கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மோர்பியசின் பெயரே மருந்துக்கு அமைந்தது. அவ்வழியைப் பின்பற்றியோர் 1818இல் ஸ்ரிக்னீனையும், 1820இல் மலேரியாக் காய்ச்சலுக்குரிய குயினைனையும் பிரித்தெடுத்தனர். 1831இல் பிரான்சிய அறிஞர் கழகம் 2,000 பிராங்கு பரிசளித்து அவரைச் சிறப்பித்தது. 1841இல் ஹாமெல்ன் நகரில் அவர் காலமானார்.

மோர்பீன் மூளையிலும் முண்ணாணிலும் உள்ள ஏற்பிகளிற் பொருந்தி நோவுணர்ச்சியைத் தணிக்கும். கண்மணியைச் சுருக்கும், மலச்சிக்கலை உண்டாக்கும், அளவு மிஞ்சின் மூச்சையே நிறுத்தும், பழகினாரை அடிமையாக்கவும் வல்லது. இன்றும் புற்றுநோயாளரின் கொடு நோவைத் தணிக்கும் அதுவே, முறைதவறின் குடிகெடுக்கும். அமுதாவதும் நஞ்சாவதும் அளவினாலேயாம். அவ்வளவை நிறுத்துக் கொடுக்க வழி கண்டமையே சேர்ட்டூர்ணர் செய்த பேருதவி. பட்டமில்லை, கருவியில்லை என்று சோரும் மாணவர் அவரை நினைவார்களாக.