ஆசிரியர் கலாசாலையில் தொடங்கிய பல்கலைக்கழகம்

செப்டம்பர் 16 நெருங்கினால் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் பெயரில் கூட்டங்களும் சுவரொட்டிகளும் வந்துவிடும். அவரது கட்சிக்கு உண்மையான வாரிசு யார் என்ற சண்டையில்தான் பெரும்பாலான பேச்சுகள் போய் முடியும். உயர்தர மாணவர்களுக்குப் படிப்பிக்கும் எனக்கு அவர் நினைவுக்கு வருவது வேறொரு நேரத்தில். பெறுபேறு வெளியாகி, பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று எவ்வித யோசனையும் இன்றி எழுதுவார்கள். அது அங்கே எப்போதும் இருந்தது என்பது அவர்கள் எண்ணம்.

அஷ்ரப் 1948 ஒக்டோபர் 23 இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர். சட்டக் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியானார்; கவிதையும் எழுதினார். 1981 இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸை ஆரம்பித்தார். அது 1988 இல் அரசியல் கட்சியாகப் பதிவானது. மறுவருடம் திகாமடுல்லவிலிருந்து பாராளுமன்றம் சென்றார். இவையெல்லாம் நம் வாசகர்கள் அறிந்தவை.

1990 ஆம் ஆண்டைத்தான் இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரில் கொலைகள் நடந்தன. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்களுக்கு அந்தக் கதவு மூடிக்கொண்டது. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலைக்குப் போக, கல்முனைப் பிள்ளை மட்டக்களப்பைத் தாண்ட வேண்டும். அந்தப் பாதையில் மகனை அனுப்பவே வாப்பாமார் அஞ்சினார்கள். மகளை அனுப்புவது பற்றிப் பேச்சே இல்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்த தமிழ் மக்களில் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல்போனதும் அந்த வருடம்தான்.

1994 தேர்தலில் கட்சிக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்தன. சந்திரிகாவின் அரசாங்கம் அமைவதற்கு அவை தேவைப்பட்டன. அஷ்ரப் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரானார். கையில் கிடைத்த பலத்தை வைத்து அவர் செய்தவற்றில், தொழில் வாய்ப்புகளைப் பற்றித்தான் ஊரில் இன்றும் அதிகம் பேசுவார்கள். என் கணக்கில் பல்கலைக்கழகமே முதலில் வரும்.

1995 ஜூலையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஸ்தாபிக்கப்பட்டது. அதே ஒக்டோபர் 23 இல், அவரது பிறந்த நாளன்று, திறந்துவைக்கப்பட்டது. சொந்தக் கட்டடம் இருக்கவில்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளாகம்தான் இடம் கொடுத்தது. கலை கலாசாரம், முகாமைத்துவம் வர்த்தகம் என்று இரண்டு பீடங்கள். மாணவர் தொகையும் சொற்பமே. ஆசிரியர் கலாசாலையில் பயின்று வந்த எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு, அதை மறைக்கவில்லை. எல்லாம் தயாரானபின் ஆரம்பிப்போம் என்று அவர் பொறுத்திருந்தால், அதற்குள் ஆட்சியே மாறியிருக்கும். 1996 மே மாதம் அது முழுமையான தேசியப் பல்கலைக்கழகமானது. பின்னர் ஒலுவில் கடற்கரையோரம் நிரந்தர வளாகம் எழுந்தது. பிரயோக விஞ்ஞான பீடம் அவர் பிறந்த சம்மாந்துறையில் அமைந்தது.

அங்கே சிங்கள மாணவர்கள் நிறைய வருகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு இடம் குறைகிறது என்று குறைப்படும் பெற்றோரைச் சந்திக்கிறேன். இந்தக் குறையில் எனக்கு உடன்பாடில்லை. அது தேசியப் பல்கலைக்கழகம். நாடு முழுவதிலுமிருந்து புள்ளி அடிப்படையில் பிள்ளைகள் வரத்தான் செய்வார்கள். அஷ்ரபே கடைசிக் காலத்தில் எல்லாச் சமூகங்களையும் சேர்த்துத் தேசிய ஐக்கிய முன்னணியை உருவாக்கியவர். அதோடு, அக்கரைப்பற்று, நிந்தவூர், மருதமுனைப் பெண் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி விரிவுரைக்குப் போய் அஸருக்குப் பின் வீடு திரும்புவதைப் பார்க்கிறேன். 1990 இல் அந்த வயதில் இருந்த அவர்களது உம்மாமாருக்கு இது வாய்க்கவில்லை.

2000 செப்டம்பர் 16 அன்று, தேர்தல் பிரசார காலத்தில், கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் புறப்பட்ட அவரது ஹெலிகொப்டர் அரநாயக்க மலைப்பகுதியில் வீழ்ந்தது. உடன் சென்றவர்களும் வஃபாத்தானார்கள். அவருக்கு வயது 51. இஸ்லாமிய கற்கைகள் அரபு மொழிப் பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் பிறகு வந்தவை. அவர் மறைந்த அன்று, அட்டாளைச்சேனையில் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வயது நிறைய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.