ராணுவத்திலிருந்து ஆற்றுக்கு: கர்னல் பென்னிகுயிக்

மலர்க் குழு நண்பர்கள் கேட்டுக்கொண்டபடி, நம் சிவில் பிரிவுக்குப் பெருமை சேர்க்கும் ஒருவரைப் பற்றி எழுத முன்வந்தேன். பழவேற்காடு ஏரியோரம் காட்டூர்க்காரனான எனக்கும் பெரியாறு அணை கட்டியவருக்கும் என்ன சம்பந்தம் என்று தேனி நண்பர்கள் கேலி பண்ணுவாங்க. தண்ணீர்க் கவலை உள்ள எல்லோருக்கும் அவர் சொந்தக்காரர்தான்.

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தையும் ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். அப்போது சிறுவனுக்கு எட்டு வயது நிரம்ப இரண்டே நாள் பாக்கி. அப்படியிருந்தும் அவர் ராணுவத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் படித்து, 1858-ல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1860-ல் இந்தியா வந்தார். 1868 அபிசீனியப் படையெடுப்பில் பணியாற்றிப் பதக்கமும் பெற்றார். அதன் பிறகு அவர் வாழ்க்கை பொதுப்பணித் துறையோடு பின்னிக்கொண்டது.

மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்துக் கிழக்கே திருப்பும் யோசனை, ராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் வந்து பார்த்து, ஆகாத காரியம் என்று ஒதுக்கினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சம் அந்த யோசனைக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886-ல் திருவாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம்; 1887-ல் வேலை ஆரம்பம்.

சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு, சுர்க்கி, கல் இவைதான். வெள்ளம் வந்து தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது. மலைக்காய்ச்சலும் காலராவும் கூலியாட்களைக் கொண்டுபோயின. 400-க்கும் மேற்பட்ட சாவுகள் பதிவாகியுள்ளன. அந்தப் பேர் தெரியாத மனிதர்களையும் சேர்த்துத்தான் நாம் கும்பிட வேண்டும். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்து வைத்தார். உயரம் 176 அடி, நீளம் சுமார் 1,200 அடி. மலையைக் குடைந்த ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கம் வழியாகத் தண்ணீர் வைகைக்கு வந்தது.

பெண்டாட்டி நகையையும் சொத்தையும் வித்து அணை கட்டினார்னு ஜனங்க சொல்லுவாங்க. அதற்கு ஆவணச் சான்று இல்லை. அரசுப் பணத்தில் நடந்த வேலை அது. நகைக் கதையை எடுத்துவிட்டாலும் அவர் பெருமை ஒரு குன்றிமணி குறையாது. பலரும் கைவிட்ட காரியத்தை அவர் விடாமல் முடித்தாரே, அது போதாதா?

ஆசிரியர் பென்னிகுயிக்கைப் பலருக்குத் தெரியாது. 1896-ல் ஓய்வு பெற்றதும், இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களைத் தயாரித்த இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவரானார்; 1899 வரை அங்கே இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றியும் ஆலோசனை கூறினார். 1911 மார்ச் 9 அன்று காம்பர்லியில் காலமானார்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. அவர் காலத்துப் பொறியாளர்களுக்குக் கடலுக்குப் போகும் தண்ணீர் வீண். பழவேற்காட்டில் அந்தக் கணக்கு வேறு. ஆரணியாற்று நன்னீர் வந்து சேரணும், முகத்துவாரமும் திறந்திருக்கணும். உப்பும் நன்னீரும் கலந்தால்தான் இறாலும் மீனும் வளரும், மீனவர் வீட்டில் அடுப்பெரியும். அதே நன்னீர் மேலே ஏரியில் தேங்கினால்தான் விவசாயிக்கு நெல். இரண்டு பேர் கேட்பதும் நியாயம். ஆகவே அணை கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது; எவ்வளவு தேக்குவது, எவ்வளவு விடுவது என்பதையும் கற்க வேண்டும்.

லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம், காம்பர்லியில் 2022-ல் சிலை. கம்பம் பள்ளத்தாக்கில் தைப் பொங்கலோடு அவர் பிறந்த நாளையும் கொண்டாடுகிறார்கள். நம் கல்லூரியிலிருந்து நீர்வளத் துறைக்குப் போகும் தம்பி தங்கைகள், அணையைப் பார்க்கப் போகும்போது பக்கத்திலிருக்கும் கல்லறைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் ஒரு நாள் எங்கள் முகத்துவாரத்துக்கும் வாருங்கள். படகு ஏற்பாடு என் பொறுப்பு.