டூர் போறோம்... நாயை போர்டிங்ல விடுறோம்! அதுக்கு முன்னாடி ருக்மிணி தேவியைத் தெரிஞ்சுக்கலாமா?

லாங் வீக்கெண்ட். ஊட்டியைத் தாண்டி சோலூர்ல, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல ரூம் புக் பண்ணியாச்சு. ஆனா, அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. வேற வழியில்லாம போர்டிங்ல விட்டுட்டுக் கிளம்புறோம். மலை ஏறும்போது மனசுக்குள்ள ஒரே கேள்விதான்... அவனைக் கொஞ்ச நேரமாவது அவிழ்த்து விடுவாங்களா, இல்லை மூணு நாளும் கட்டியே போட்டிருப்பாங்களா?

அந்தக் கேள்விக்கு நம்ம நாட்டுச் சட்டத்துல பதில் இருக்கு. அந்தச் சட்டம் வர்றதுக்குக் காரணமா இருந்தவர், நாம நடனக் கலைஞரா மட்டுமே தெரிஞ்சு வெச்சிருக்கிற ருக்மிணி தேவி அருண்டேல்.

மதுரையிலிருந்து அடையாறுக்கு

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர் ருக்மிணி. அப்பா நீலகண்ட சாஸ்திரி, பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அதனால் குடும்பம் சென்னை அடையாறுக்கு வந்தது. 1920-ல், 16 வயதில், தன்னைவிட 25 வயதுக்கும் மேல் மூத்தவரான ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலைத் திருமணம் செய்துகொண்டார். ஊரே கொந்தளித்தது. அவர் அசரவில்லை.

ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை நடனத்தின் பக்கம் திருப்பியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்று, 1935-ல் மேடையேறினார். அடுத்த வருஷமே கலாக்ஷேத்ரா பிறந்தது.

நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா

1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். கலையைப் பற்றி மட்டும் பேசுவார் என்று நினைத்தவர்களுக்கு ஆச்சர்யம். 1953-ல் அவர் கொண்டு வந்தது, விலங்குகள் வதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதா. அரசே ஒரு சட்டம் கொண்டு வரும் என்று பிரதமர் நேரு உறுதி சொல்ல, 1954-ல் மசோதாவைத் திரும்பப் பெற்றார். குழு, அறிக்கை, விவாதம் என வருஷங்கள் ஓடின. ஒருவழியாக 1960-ல் சட்டம் வந்தது. அதன்படி 1962-ல் உருவான விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

போர்டிங்காரரும் உரிமையாளர்தான்!

இந்தச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் இல்லை. அப்போதைக்கு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரும் உரிமையாளர்தான். அதாவது, நாம சோலூர்ல இருக்கிற அந்த மூணு நாளும் போர்டிங் நடத்துறவருக்கும் சட்டப்படி முழுப் பொறுப்பு உண்டு.

ரொம்பக் குட்டையான, கனமான சங்கிலியில் நேரம் காலம் இல்லாமல் கட்டிப்போட்டால் குற்றம். எப்பவும் கட்டியோ அடைச்சோ வெச்சிருக்கிற நாயை நடக்க, ஓட விடாமல் இருந்தாலும் குற்றம். போதுமான சாப்பாடு, தண்ணீர், தங்க இடம் தராததும் குற்றம்தான். இதெல்லாம் வீட்டுல வளர்க்கிற நமக்கும் பொருந்தும் பாஸ்!

ஒரே வருத்தம் என்னன்னா, முதல் முறை மாட்டினால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். எப்பவோ எழுதின தொகை. ஒரு டீ, வடைக்கே அது சரியாப் போயிடும்.

1977-ல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் வேட்பாளராகக் கேட்டபோது, வேண்டாம் என்று மறுத்துவிட்டார் ருக்மிணி தேவி. 1986 பிப்ரவரி 24-ல், 82-வது பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு மறைந்தார்.

அபராதத்தை நம்பிப் பயனில்லை. நம்ம கண்ணைத்தான் நம்பணும். போர்டிங்ல விடுறதுக்கு முன்னாடி ஒருமுறை நேர்ல போங்க. சங்கிலி எவ்வளவு நீளம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே கூட்டிட்டுப் போறாங்க, தண்ணிக் கிண்ணம் சுத்தமா இருக்கா, ராத்திரி யார் பக்கத்துல இருப்பாங்கன்னு கேளுங்க. தடுப்பூசி அட்டையை அவங்க கேட்கிறாங்களான்னும் பாருங்க. கேட்காத இடம்னா, அடுத்த கூண்டுல இருக்கிற நாய்க்கும் ஊசி போட்டிருப்பாங்கன்னு சொல்ல முடியாது.

பதில் திருப்தியா இருந்தா மட்டும் மலை ஏறுங்க!